தண்ணித்தொட்டிக்கு வந்த இருபத்து மூன்று புள்ளிகள்

2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து தூறல் மட்டும் இருந்தது. மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்ததால் மலை தெரியவில்லை. பேரணாம்பட்டில் எங்கள் தெரு முனையில் நான்கு பேர் சவுக்குக் கொம்பு நட்டுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மாடியிலிருந்து எண்ணினேன். ஏழு தகரம். ஏழாவதுக்கு ஆணி போதாமல் கம்பி வைத்துக் கட்டினார்கள்.

எதற்கு என்று மேலிருந்தே கேட்டேன். அவர்களில் மூத்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, மேப்பில் உங்கள் தெரு சிவப்பு, இருபத்து மூன்று பேர் என்றார்.

எனக்கு அது முந்தின இரவே தெரியும். பெங்களூரில் இருக்கும் என் மருமகள் ஏப்ரல் மாதத்தில் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு அனுப்பியிருந்தாள். தன்னார்வலர்கள் சிலர் மாவட்ட நிர்வாகத்துக்காகச் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து நடத்திய டாஷ்போர்டு அது. மேலே நான்கு கட்டங்கள்: சோதனை செய்தவர்கள், தொற்று வந்தவர்கள், குணமானவர்கள், காலியாக இருக்கும் படுக்கைகள். கீழே மாவட்டப் படம், அதில் சிவப்புப் புள்ளிகள். அரை மணிக்கு ஒரு தடவை எல்லாம் புதிதாகும், கடைசியாகப் புதிதான நேரம் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் தோல் எண்ணியவன். காகிதத்தில் இருக்கிற எண்ணிக்கையும் பெட்டியில் இருக்கிற எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த டாஷ்போர்டு எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. ஐந்து மாதம் வீட்டுக்குள் கிடந்து மூச்சு முட்டிய காலத்தில் அதைப் பார்த்துத்தான் மனதை ஒரு நிலையில் வைத்திருந்தேன். அதைப் பற்றி இப்போதும் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த இருபத்து மூன்று இடித்தது. எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு, நூற்றுப் பன்னிரண்டு பேர். குடிநீர்க் குழாய்க்குப் பணம் வசூலித்தபோது நானே வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு. அதில் இருபத்து மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால் ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர். அப்படியானால் இரவில் இருமல் சத்தம் கேட்க வேண்டும். எனக்குத் தூக்கம் வராது, தெருவில் நாய் தும்மினாலும் காதில் விழும். ஒரு இருமலும் கேட்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்குக் கவச உடையில் இரண்டு பேர் ஒரு பட்டியலோடு வந்தார்கள். இருபத்து மூன்று பெயர்களும் பெண்கள் பெயர். ஒவ்வொரு வாசலிலும் நின்று, விடுதி மையத்தில் சிகிச்சையில் இருக்கிற இந்தப் பெண் எந்த வீடு, இவளோடு இருந்தவர்கள் எங்கே என்று கேட்டார்கள். அந்தப் பெயர்களில் ஒருத்தியையும் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அப்படிச் சொன்னதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவே சேர்ந்து ஆளை ஒளிக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். மத்தியானம் வண்டி வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டார்கள். மாலையில் கபசுரக் குடிநீர், வாசல்தோறும் பிளீச்சிங் பவுடர். மறுநாள் காலையும் வண்டி, மாலையும் வண்டி. உடம்பு சரியாக இருக்கிற தெருவை இவ்வளவு கவனித்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் மாடியில் நின்றேன். எங்கள் தெரு முனைக்கு எதிரே, மெயின் ரோட்டில், நகராட்சித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் பஸ்கள் மூன்று அந்தத் தொட்டியடியில்தான் நிற்கும். மலைப் பாதையில் இருக்கும் ஊரிலிருந்தும், ஏரிக்கரைப் பக்கத்து ஊரிலிருந்தும், டவுனிலிருந்தும் பெண்கள் நடந்து வந்து அங்கே ஏறுவார்கள். கம்பெனியில் அதற்குத் "தண்ணித்தொட்டி பாயிண்ட்" என்று பெயர். ஜூன் மாதம் கம்பெனி திறந்ததிலிருந்து அவர்களை நான் தினமும் எண்ணிவந்தேன். பாதி சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றுகிறார்களா என்று பார்ப்பதற்காக. ஒரு தடவை ஏற்றினார்கள், நான் புகார் எழுதிப் போட்டேன். பிறகு ஒழுங்காக அறுபத்தொரு பேர்.

அன்று முப்பத்தெட்டு.

அறுபத்தொன்றில் முப்பத்தெட்டு போனால் இருபத்து மூன்று. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சனிக்கிழமையும் எண்ணினேன். அதே முப்பத்தெட்டு.

இந்தப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்த எவருக்கும் இது சட்டென்று விளங்கும். அங்கே எல்லாமே பஸ்ஸை வைத்துத்தான். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் பஸ் வாரியாகக் கொடுப்பார்கள். ஓவர்டைம், லீவு, குடை, மாஸ்க் எல்லாம் எந்த பஸ், எந்த பாயிண்ட் என்று கேட்டுத்தான் நடக்கும். ஒரு பெண் எந்த ஊர் என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது, எந்த பாயிண்ட் என்று தெரியும். கம்பெனி வளாகத்திலேயே சோதனை நடத்தியபோது இடம் என்ற கட்டத்தில் பாயிண்ட்டை எழுதியிருக்கிறார்கள். எழுதினவருக்கு அதில் தப்பு தோன்றியிருக்காது. ஆம்பூர் இப்போது வேறு மாவட்டம். அங்கிருந்து பட்டியல் நம் மாவட்டத்துக்கு வந்தபோது, படத்தில் புள்ளி வைத்தவர்கள் தண்ணீர்த் தொட்டியைத் தேடி, அதை ஒட்டியிருக்கிற தெருவில் வரிசையாக வைத்துவிட்டார்கள். தொற்று வந்த பெண்களைக் கம்பெனியிலிருந்து நேராகக் கல்லூரி விடுதி ஒன்றுக்கு, சிகிச்சை மையத்துக்கு, அழைத்துப் போய்விட்டதால் அவர்கள் ஊருக்கு ஆம்புலன்ஸே போகவில்லை. படத்தில் அந்த ஊர்கள் சுத்தமாக இருந்தன.

உதவி எண்ணுக்கு ஒன்பது தடவை கூப்பிட்டேன். ஆறு தடவை எடுத்தார்கள். நான் விளக்கியதை ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாத் தெருவும் இப்படித்தான் சார் சொல்கிறது, தகரத்தை எடுக்க அதிகாரம் எங்களுக்கு இல்லை என்றார்கள். தகரம் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை மாலை நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் முடிவு வந்தது. ஒருவருக்கும் தொற்று இல்லை. இனிப் புள்ளிகள் போய்விடும் என்று இருந்தேன். முடிவைக் கொண்டுவந்தவர், அந்த இருபத்து மூன்று பேரின் வீட்டார் கிடைக்கிற வரைக்கும் தகரம் இருக்கும் என்றார். நீங்களாகச் சொல்லிவிட்டால் நல்லது என்று தணிந்த குரலில் வேறு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. கடை இல்லை, பஸ் இல்லை, பால் மட்டும் உண்டு. எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் மலைப் பாதை ஊர்க்காரி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கறவை மாடு, எங்கள் தெருவில் பதினோரு வீடு, நாளைக்கு ஒன்பது லிட்டர். தகரம் அடித்த நாளிலிருந்து ஏழாவது தகரத்தின் ஓரத்தில், கம்பி கட்டிய இடத்துச் சந்தில், பாத்திரத்தை நீட்டினால் ஊற்றிவிட்டுப் போவாள். புடவை முந்தானைதான் அவளுக்கு மாஸ்க்.

அன்று என் மனைவிக்கு முதுகுப் பிடிப்பு, பாத்திரத்தை நான் கொண்டுபோனேன். அவள் ஊற்றும்போது இருமினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருமினாள், ஆனால் நிற்கவில்லை. கேனைக் கீழே வைத்துவிட்டு கொம்பைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"அது கெடக்குது சார். மழைல நனைஞ்சது."

மருமகள் எப்படி இருக்கிறாள் என்றேன். அவள் மருமகள் ஷூ கம்பெனியில் வேலை, எங்கள் பாயிண்ட்டில்தான் ஏறுவாள் என்று எனக்குத் தெரியும். பால்காரி பாத்திரத்தில் இருந்த பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய் ஆக்ஸிமீட்டரை எடுத்துவந்தேன். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி. நானும் என் மனைவியும் காலை மாலை பார்த்துக்கொள்வதற்காக ஜூலையில் வாங்கியது. சந்து வழியே கொடுத்து, விரலை உள்ளே விடச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று. எனக்கு எப்போதும் தொண்ணூற்றேழு இருக்கும்.

"உன் மருமகளுக்குக் கொரோனா. விடுதியில இருக்கறா. சரியா?" என்று கேட்டேன்.

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எண்ணினேன்."

அவள் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு கிட்டே வந்து சொன்னாள். அவர்கள் ஊரிலிருந்து மட்டும் பதினைந்து பெண்கள் விடுதிக்குப் போயிருக்கிறார்கள். ஏழு வீட்டில் காய்ச்சல். அவள் வீட்டுக்காரருக்கும் காய்ச்சல். சோதனைக்கு ஆஸ்பத்திரி போக பஸ் இல்லை. விடுதியில் பெண்களை விசாரித்தபோது எல்லோரும் தண்ணித்தொட்டி கிட்டே என்று சொல்லிவிட்டார்கள். ஊர்க்கூட்டம் போட்டுப் பேசிய பேச்சாம்.

"எங்க ஊரு பேரைச் சொல்லிடாத சார்," என்றாள். "போன மாசம் ஏரிக்கரைல ஒரு வூட்டுக்கு வந்துச்சு. பத்து நாளு அந்த ஊருப் பாலை எவனும் வாங்கல. தரையில ஊத்துனாங்க. நான் ரெண்டு மாட்டை வெச்சினு இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு."

"இங்க வர்ற வண்டி அங்க வரணும்மா. உனக்கு மூச்சு கம்மியா இருக்குது."

"மூச்சு கம்மியானா படுத்துப்பேன். பாலு கம்மியானா மாட்டுக்கு யாரு தீனி போடுவா?"

கருவியைத் திருப்பித் தர நீட்டினாள். வைத்துக்கொள், ராத்திரி வீட்டுக்காரருக்கும் பார் என்றேன். நாளைக்கு என்ன காட்டுகிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று முழுவதும் என் மனைவிக்கு என்னோடு நிம்மதி இல்லை. டாஷ்போர்டை நாற்பது தடவையாவது திறந்திருப்பேன். எங்கள் தெருவில் இருபத்து மூன்று புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சிவப்பாக இருந்தன. அங்கிருந்து இரண்டு மைலில், மலைப் பாதை ஓரத்தில், ஒன்றுமில்லை. காலியாக இருந்த ஆக்ஸிஜன் படுக்கைகள் காலையில் நாற்பத்தொன்று, மாலையில் முப்பத்து நான்கு. ஒரே பகலில் ஏழு குறைந்தது. இப்படியே போனால் அவளுக்கு ஒன்று மிச்சம் இருப்பது ஐந்து நாள்தான் என்று கணக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை அவள் நேரம் தப்பி வந்தாள். கேனைத் தலையில் வைக்காமல் இடுப்பில் வைத்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே விரலில் மாட்டிக் காட்டினாள். தொண்ணூறு.

நான் சொன்னேன், இன்றைக்கு நான் சத்துவாச்சாரிக்குப் போகிறேன், ஊர்ப் பேரைச் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட மூச்சு இல்லை போலிருக்கிறது. "பாலு?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் வாங்கிக்கறேன்."

"நீ அரை லிட்டர் வாங்கறவரு."

"உங்க ஊர்ல தகரம் இருக்கற வரைக்கும் முழுசும் நானே வாங்கிக்கறேன்."

"ஒம்போது லிட்டரும்?"

"ஒன்பதும்."

என் மனைவி பின்னால் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. பால்காரி அவளைப் பார்த்து, "கேட்டுக்கம்மா. நாளைக்கு மாத்திப் பேசுவாரு," என்றாள்.

"அவரு காசு விஷயத்துல மாத்திப் பேச மாட்டாரு. பேஜார்தான் பண்ணுவாரு," என்றாள் என் மனைவி.

சத்துவாச்சாரி போவது எப்படி என்பது அடுத்த கேள்வி. பஸ் கிடையாது. பின் தெருவில் என் நண்பர் ஒருவர், தோல் ரசாயன வியாபாரி. அவரை நான் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். வாரம் ஒரு தடவை ராணிப்பேட்டை போய்ச் சரக்கு எடுத்து வருவார். சரக்கு வண்டிக்குப் பாஸ் உண்டு, வழியில்தான் சத்துவாச்சாரி. தகரம் தெரு வாய்க்குத்தான், எங்கள் வீடுகளின் பின்கதவுகள் எல்லாம் சாக்கடைச் சந்தில் திறக்கும். அது எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும், காய்கறி அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. தொற்று இல்லை என்ற என் முடிவுத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, சந்து வழியாகப் போய் வண்டியில் ஏறினேன்.

குடியாத்தம் தாண்டியதும் பாய், "சார், உங்க தெரு தகரத்தை எடுக்கவா போறீங்க?" என்று கேட்டார்.

தகரம் எப்படியோ போகட்டும், புள்ளியை எடுக்க அல்ல, சரியான இடத்தில் வைக்கப் போகிறேன் என்றேன்.

"அப்படிச் சொன்னாதான் உள்ள விடுவாங்க. தகரம்னு வாயெடுத்தா வாசல்லயே உக்கார வெச்சிடுவாங்க."

நல்ல யோசனை. அப்படியே செய்தேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அந்த டாஷ்போர்டு நடந்துகொண்டிருந்தது. நீள மேசைகள், கணினிகள், சுவரில் பெரிய திரை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பத்துப் பெண் என்று பேச்சில் தெரிந்துகொண்டேன். நான் மொத்தமாக இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன்: அறுபத்தொன்று, முப்பத்தெட்டு, இருபத்து மூன்று, நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இல்லை என்ற முடிவு, பாயிண்ட் என்றால் என்ன. அவள் கம்பெனி அனுப்பிய பட்டியலைத் திறந்தாள். இருபத்து மூன்று வரியிலும் இடம் என்ற கட்டத்தில் ஒரே வார்த்தைகள்.

"நான் இதைத் தெருப் பேருன்னு நெனச்சேன் சார்," என்றாள். "எங்க ஊர்ல கூட ரயில்வேல பாயிண்ட்னு ஒண்ணு உண்டு. ஆனா அங்க யாரும் குடியிருக்க மாட்டாங்க."

தப்பு புரிந்த பிறகு வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. நீங்கள் சொல்வதை வைத்து நான் புள்ளியை நகர்த்த முடியாது, ஒவ்வொருவரும் எந்த ஊர் என்று அவரவர் சொல்ல வேண்டும் என்றாள். மாடியிலிருந்து எண்ணியவன் சொன்னதை வைத்துப் பதினைந்து பேரை ஓர் ஊரில் தள்ளினால் அதுவும் இதே மாதிரித் தப்பாகலாம் என்றாள். என் வாழ்நாளில் என் எண்ணிக்கையை ஒருவர் ஏற்றுக்கொள்ளாமல், நான் அதற்குச் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று தைரியம் வந்தது.

பட்டியலில் கைப்பேசி எண்கள் இருந்தன. அவள் கூப்பிட்டாள். நான்கு பேர் எடுத்தார்கள். நால்வரும் தண்ணித்தொட்டி கிட்டே என்றார்கள். காலையில் பால்காரியிடம் மருமகளின் பெயரைக் கேட்டு வைத்திருந்தேன், அதைப் பட்டியலில் தேடினேன். ஏழாவது வரியில் இருந்தாள். நான் பேசட்டுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"பால்காரம்மா மருமகதானே? நான் தண்ணித்தொட்டி தெரு மாடி வீட்டு சார்."

"தினம் நின்னு எண்ணுவீங்களே, அந்த சாரா?" என்றாள்.

அவர்களுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். "உன் மாமியாருக்கு இன்னைக்குக் காலையில தொண்ணூறு. நேத்து தொண்ணூத்து மூணு. மாமனாருக்கும் காய்ச்சல். நீங்க ஊர்ப் பேரைச் சொன்னா நாளைக்கு அங்க வண்டி போகும். சொல்லலன்னா அது திரும்பவும் என் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும்."

அவள் அழுதாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மாமியார் போனில் பேசும்போதெல்லாம் எல்லாரும் நல்லாயிருக்கோம் என்றே சொல்லியிருக்கிறாள். பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, இருங்க சார் என்றாள். இருபத்து மூன்று பேரும் விடுதியின் ஒரே ஹாலில் இருந்தார்கள். அங்கே அவள் என்ன பேசினாள் என்று முழுவதும் கேட்கவில்லை. சண்டை போலவும் இருந்தது. ஒருத்தி, உன் மாமியாருக்காக எங்க ஊருக்குத் தகரமா என்றாள். அதற்கு மருமகள், "உன் மாமியாருக்கும் விரலை விட்டுப் பாரு, அப்புறம் பேசு," என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு அந்த ஒரே போன் கைமாறிக் கைமாறி வந்தது. ஒவ்வொருத்தியும் தன் பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொரு புள்ளியாக எடுத்து நகர்த்தினாள். மலைப் பாதை ஊரில் பதினைந்து, ஏரிக்கரையில் ஆறு, டவுனில் இரண்டு. கடைசிப் புள்ளியும் எங்கள் தெருவை விட்டுப் போனபோது மணி நான்கு இருபது. அதோடு அவள் நிற்கவில்லை. பட்டியலில் வீடு இருக்கும் ஊர் என்று ஒரு கட்டமும், பஸ் பாயிண்ட் என்று தனியாக ஒரு கட்டமும் சேர்த்து எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பினாள். மேலே ஒப்புதல் வாங்கி ஆறு மணிக்குப் படத்தில் வந்துவிடும் என்றாள்.

பாய் ராணிப்பேட்டையிலிருந்து திரும்பி என்னை ஏற்றிக்கொண்டார். அவசரமாக ஓட்டினார். சாக்கடைச் சந்தில் நான் இறங்கி என் பின்கதவைத் தொட்டபோது ஐந்து மணி நாற்பது. அங்கே ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தடை செய்த தெருவிலிருந்து வெளியே போனதற்கு அபராதம் ஐந்நூறு ரூபாய். இருபது நிமிடம் பொறுங்கள், இது தடை செய்த தெருவாகவே இருக்காது என்று டாஷ்போர்டைத் திறந்து காட்டினேன். அவர் மரியாதையாகப் பார்த்தார். ஐந்தரை மணிப் படம்தான் அதில் இருந்தது. "இப்ப செவப்பாத்தான் இருக்குது சார்," என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருத் தகரங்களைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். அதே ஏழு தகரம், அதே கம்பி, மலைப் பாதை ஊருக்குப் போனது. அதற்கு முன்பே காய்ச்சல் முகாம் வண்டி போய்விட்டது. பால்காரிக்கு வண்டியில் வைத்துப் பார்த்தபோது எண்பத்தாறு. நேராக ஆஸ்பத்திரி, ஆக்ஸிஜன் படுக்கை. அன்று காலையில் படத்தில் முப்பது காலியாக இருந்ததை நான் பார்த்திருந்தேன், அதனால் எனக்குப் பயம் இருக்கவில்லை. அந்த ஊரில் மேலும் பதினொரு பேருக்கு இருந்தது தெரிந்தது. பதினொரு பேரும் பிழைத்தார்கள். அவள் ஒன்பது நாள் ஆக்ஸிஜனில் இருந்தாள், பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

பால் பதினான்கு நாளும் வந்தது. அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, மாஸ்க் போட்டுக்கொண்டு அவரே கறந்து தகரத்து ஓரத்தில் கல்மேல் கேனை வைப்பார், பாய் தன் மொபெட்டில் போய் எடுத்து வருவார். பயந்ததுபோலவே எங்கள் தெருவின் மற்ற பத்து வீடும் அந்தப் பாலை நிறுத்திவிட்டன. பொங்கப் பொங்கக் காய்ச்சிய பாலில் ஒன்றும் இருக்காது என்று நான் வாசல் வாசலாகச் சொன்னேன், கேட்கவில்லை. ஒன்பது லிட்டரை இரண்டு பேர் என்ன செய்வது? என் மனைவி தயிர் போட்டாள், நெய் எடுத்தாள், அடுப்பருகே நின்று பால்கோவா கிளறி எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். பாலை வாங்க மறுத்த பத்து வீட்டில் ஒரு வீடும் பால்கோவாவை மறுக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் அவள் தானே கேனோடு வந்தாள். இளைத்திருந்தாள், கேனில் பாதிதான் பால். வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஒம்போதும் வாங்குனியாமே?"

"வாங்கினேன்."

"எங்க வூட்டுக்காரு தண்ணி ஊத்துனாரா?"

என் மனைவி உள்ளேயிருந்து, "நாலாம் நாள்ல இருந்து," என்றாள்.

"எனக்குத் தெரியும். நான் இல்லன்னா அவரு கை சும்மா இருக்காது," என்றாள். "அதுக்குக் காசு கழிச்சிக்கிறியா சார்?"

கழிக்கவில்லை. ஆக்ஸிமீட்டர் எங்கே என்று கேட்டேன். அது ஊரில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது எந்த வீட்டில் என்று தெரியாது, வேண்டுமென்றால் வந்து எண்ணிப் பார்த்துக்கொள் என்றாள். அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவள் எழுந்து அடுத்த வீட்டு வாசலில் போய்க் குரல் கொடுத்தாள். பத்து வீடும் பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்தன.

அன்று மத்தியானம் உட்கார்ந்து எனக்கு ஆன செலவைக் கணக்குப் போட்டேன். நூற்று இருபத்தாறு லிட்டர், லிட்டர் நாற்பது ரூபாய், அதில் எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய என் அரை லிட்டர்களைத் தள்ளி நாலாயிரத்து எழுநூற்று அறுபது. அபராதம் ஐந்நூறு. பால்கோவாவுக்கு மூன்று கிலோ சர்க்கரை நூற்று இருபது. ஆக்ஸிமீட்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரம். பாய் டீசலுக்கு வாங்க மறுத்துவிட்டார். ஆக மொத்தம் ஏழாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.